பொறுமை இரு வகை



திருவண்ணாமலைக்கு வருவோர் முதலில் காண்பது மலையை. அடுத்துக் காண்பது அமர்ந்திருக்கும் மனிதரை. மலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையோரத்து மரத்தடிகளிலும் திண்ணைகளிலும், இரமணாசிரமத்தின் கூடங்களிலும் காலை மடித்துக் கண்மூடி அமர்ந்திருப்போரை நாள்தோறும் காண்கிறோம். அவருள் உள்ளூராரும் உண்டு. கடல் கடந்து வந்தோரும் உண்டு. ஒரு சிலர் இரு பாதங்களும் எதிரெதிர்த் தொடைகளின்மேல் மலர்ந்திருக்க, பத்மாசனத்தில் கல்லில் வடித்த சிலையென வீற்றிருப்பர். காண்போர் உள்ளத்தில், 'நாமும் இவ்வாறு அமர வேண்டும்' என்னும் ஆவல் எழுவது இயல்பே.

அந்த ஆவல் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்கும் எழுந்தது. அதனால் அவருக்கு நேர்ந்ததையும், அதில் நாம் செய்த பிழையையும் இம்மாதம் மறைக்காமல் எழுத எண்ணினோம்.

அவருக்கு அப்போது வயது 27. சென்னை நிறுவனம் ஒன்றில் கணிப்பொறி முன் அமர்ந்து செய்யும் பணி. வீட்டிலிருந்தே பணிபுரியலாம் என இசைவு கிடைத்ததால் ஊர் திரும்பியிருந்தார். காலையில் மலையோரம் நடப்பார். நடந்தபின் ஒரு மரத்தடியில் அமர்ந்து, கைப்பேசியில் கண்ட காட்சிகளைத் துணைக்கொண்டு ஆசனம் பயில்வார். ஒரு காலைத் தூக்கித் தொடைமேல் வைத்துவிட்டார். இரண்டாம் கால்தான் வரவில்லை. மூன்று வாரங்களுக்குப் பின் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து நாம் திருவுடை களையும் வேளையில் வந்து நின்றார்.

"சுவாமி, முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது. விட்டுவிடலாமா?" என்று கேட்டார்.

"பொறுத்தார் பூமியாள்வார், தம்பி. பாதியில் விட்டவர் எதையும் அடைந்ததில்லை" என்றோம். அவ்வாறு கூறியபோது, இக்காலத்து இளைஞர் ஒருவருக்குத் தவத்தின் அருமையை உணர்த்திவிட்டோம் என்னும் பெருமிதமும் நமக்கு இருந்தது. இன்று அதனை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்த வாரம் அவர் தம் இடக் காலைக் கையால் பற்றி இழுத்து வலத் தொடைமேல் ஏற்றி, முழங்காலைத் தரையை நோக்கி அழுத்தியிருக்கிறார். 'டக்' என்று ஓர் ஓசை எழுந்ததாம். மாலைக்குள் முழங்கால் வீங்கியது. மடித்த காலை முழுதும் நீட்ட இயலவில்லை. படமெடுத்துப் பார்த்த மருத்துவர், மூட்டினுள் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு கிழிந்திருப்பதாகக் கூறினார். சிறு துளை வழியே செய்யும் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. நாம் மருத்துவமனைக்குச் சென்றபோது அவருடைய அன்னை நமக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "சுவாமி பொறுத்துக்கொள்ளச் சொன்னாரே என்றுதான் விடாமல் செய்தானாம்" என்றார். அச்சொல்லில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

நாம் எங்கே தவறினோம் என்று அறியும் கடமை நமக்கு உண்டாயிற்று. இயன்முறை மருத்துவம் பயின்ற அம்மையார் ஒருவரை அணுகிக் கேட்டோம். அவர் நம் சமையற்கட்டில் கிடந்த ஆட்டுக்கல்லையும் வாயிற்கதவையும் காட்டியே விளக்கிவிட்டார்.

தொடையெலும்பின் தலை உருண்டையானது. அது இடுப்பெலும்பின் குழியில் பொருந்தி, ஆட்டுக்கல்லின் குழியில் குழவி சுழல்வதுபோல் எத்திசையிலும் சுழலும். இதனைப் பந்துக் கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். முழங்காலோ கதவின் கீல் போன்றது. மடங்கும், நீளும், மடங்கிய நிலையில் சிறிதளவு திரும்பும், அதற்குமேல் அது அறியாது. பத்மாசனத்தில் உள்ளங்கால் மேல்நோக்கி மலர வேண்டுமாயின், தொடையெலும்பு இடுப்புக் குழிக்குள் வெளிப்புறமாக வெகுதூரம் சுழல வேண்டும். பொதுவாக மனிதருக்கு அச்சுழற்சி 45 பாகை அளவில் அமையும். இவ்வாசனம் அதனினும் மிகுதியாகக் கேட்கிறது. இடுப்பு கொடுக்க மறுத்ததைக் கை வலிந்து கேட்கும்போது, அந்த முறுக்கு முழங்காலின்மேல் இறங்குகிறது. கதவு திறக்கவில்லையென்று அதன் நுனியைப் பிடித்து முறுக்கினால் பெயர்வது பூட்டன்று, கீலே. அவ்விளைஞருக்கு நேர்ந்ததும் இதுவே. அடைபட்டிருந்தது இடுப்பு, தண்டனை பெற்றது முழங்கால்.

"அப்படியானால் வலி வந்ததே, அது?" என்று கேட்டோம்.

"தசை இழுபடும்போது புட்டத்திலும் தொடையிலும் உணரும் இழுப்பு வேறு, சுவாமி, அதைச் சிறிது பொறுக்கலாம். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தும் வலி வேறு. அது நிறுத்து என்று உடல் சொல்லும் சொல்" என்றார் அவர்.

பொறுக்கத் தக்கதற்கும் பொறுக்கத் தகாததற்கும் வேறுபாடு அறியாமல், இரண்டுக்கும் ஒரே பழமொழியைத் தந்துவிட்டோம்! குருமடத்தில் எட்டாண்டுகளுக்கு மேல் பயின்றும், முப்பதாண்டளவு ஆன்ம ஆலோசனை கூறியும் இதனை அறியாதிருந்தோம்.

இளைஞரின் இடுப்பு ஏன் அடைபட்டது? அதற்கு விடை அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. நோயாளியைக் காணச் சென்ற ஒரு மாலை, அவருடைய பாட்டி முற்றத்தில் குந்தியவாறு மணிலாக் கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். அகவை எழுபதைக் கடந்தவர். நம்மைக் கண்டதும் கை ஊன்றாமல் எழுந்தார். பின்னர்ச் சம்மணமிட்டு அமர்ந்தார். அவருடைய இரு முழங்கால்களும் தரையைத் தொட்டன. அவர் ஆசனம் எதையும் பயின்றவரல்லர். நாற்று நட்டதும், களை பறித்ததும், அடுப்பூதியதும், தரையில் அமர்ந்து உண்டதும், கிணற்றடியில் குந்தித் துவைத்ததும் அவருக்கு ஆசனங்களாயின. பேரனோ பள்ளி விசிப்பலகையிலிருந்து கல்லூரி நாற்காலிக்கும், அங்கிருந்து அலுவலக நாற்காலிக்கும் மாறியவர். நாற்காலியில் தொடை ஒரே கோணத்தில், ஒரே திசையில் மணிக்கணக்காக நிற்கிறது. பயன்படாத சுழற்சியை உடல் மெல்ல மெல்லக் கைவிடுகிறது. இருபது ஆண்டுகளில் அடைபட்டதை இருபது நாள்களில் திறக்க முயன்றதே பிழை.

இதனைக் கேட்டபின் நம்மையே நாம் நோக்கினோம். வயது 56. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும், எழுது மேசையிலும், கூட்டங்களிலும் நாற்காலியே நம் இருக்கை. சம்மணமிட்டால் முழங்கால்கள் முகவாய்க்கு அண்மையில் நின்றன. இளைஞர் குணமடைந்து நடமாடத் தொடங்கியதும், அந்த அம்மையாரின் மேற்பார்வையில் இருவரும் சேர்ந்தே தொடங்கினோம். நாம் கற்ற ஒழுங்கை, விரும்புவோர்க்குப் பயன்படும் என்று கருதி இங்கே தருகிறோம்.

முதலாவது, இருக்கையை உயர்த்துதல். நன்கு மடித்த போர்வையை நான்கு விரற்கடை உயரத்திற்கு அடுக்கி, அதன் விளிம்பில் அமர்ந்து சம்மணமிட வேண்டும். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருந்தால் முதுகு தானே நிமிரும். தொடை தானே தாழும்.

இரண்டாவது, பத்தகோணாசனம். செருப்புத் தைக்கும் தொழிலாளர் அமர்வதுபோல் இரு உள்ளங்கால்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, முதுகைச் சுவரில் சார்த்தி அமர்தல். முழங்கால்கள் தம் எடையாலேயே இறங்கட்டும். கையால் அழுத்தலாகாது, பிறரை அழுத்தச் சொல்வது அதனினும் தீது. இதில் உள்தொடைத் தசைகள் நெகிழ்கின்றன.

மூன்றாவது, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்துப் பாதங்களை ஊன்றி, ஒரு கணுக்காலை மற்றத் தொடையின்மேல் குறுக்காக வைத்தல். இழுப்புப் புட்டத்தின் ஆழத்தில் உணரப்படும். தரை முதுகைத் தாங்குவதால் நம்மைப் போன்ற வயதினருக்கு இதுவே பாதுகாப்பானது.

நான்காவது, அமர்ந்தவாறு ஒரு காலின் முழங்காலையும் பாதத்தையும் இரு முழங்கைகளில் ஏந்திக்கொண்டு, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் இருபுறமும் மெல்ல அசைத்தல். அசைவு இடுப்பில் நிகழ வேண்டும், முழங்காலில் அன்று.

ஐந்தாவது, அர்த்த பத்மாசனம். ஒரு பாதம் மட்டும் எதிர்த் தொடைமேல். இங்கே ஒரு சோதனை உண்டு. மேலே வைத்த காலின் முழங்கால் தானே தரையை நோக்கித் தாழ்ந்தால் இடுப்பு இசைந்துவிட்டது என்று பொருள். அது அந்தரத்தில் நிற்குமாயின், இரண்டாம் காலைப் பற்றி நினைக்கவே வேண்டா. வலம் இடமாக மாற்றி மாற்றிப் பயில வேண்டும். இவையெல்லாம் நிறைந்தபின் வருவதே முழுப் பத்மாசனம்.

ஒவ்வொரு நிலையிலும் ஓரிரு நிமிடம் போதும். நடந்தோ வேலை செய்தோ உடல் சூடேறியபின் பயில்க. உண்ட உடனே வேண்டா. மூச்சை வெளிவிடும்போது உடல் தளர்வதைக் கவனிக்கலாம். இதற்கு ஒரு காரணமும் கூறுகிறார்கள். தசைகளுள் நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் உண்டு. தசை வெடுக்கென இழுக்கப்பட்டால் அவை தண்டுவடத்திற்குச் செய்தி அனுப்ப, தசை தன்னைக் காத்துக்கொள்ள உடனே இறுகுகிறது. மெல்ல இழுத்துக் காத்திருந்தாலோ, அச்சம் தணிந்து இடம் கொடுக்கிறது. வன்முறைக்கு இறுகுவதும் பொறுமைக்கு நெகிழ்வதும் மனிதரின் உள்ளம் மட்டுமன்று, தசையும் அப்படியே.

இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டவர் இம்முயற்சியில் இறங்கலாகாது. செயற்கை மூட்டு இடம் பெயரும் இடர் உண்டு. மூட்டுத் தேய்மானம் உடையோர், முன்னர் முழங்காலில் அடிபட்டோர், கருவுற்ற தாய்மார் ஆகியோர் தம் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். பாதம் மரத்துப்போனால் உடனே காலை நீட்டிவிட வேண்டும்.

இன்னொன்றும் கூறாமல் விடுவது நேர்மையன்று. எல்லாருடைய இடுப்பும் இவ்வாசனத்திற்கென்று அமைந்ததன்று. குழியின் ஆழமும், அது நோக்கும் திசையும், தொடையெலும்புக் கழுத்தின் சாய்வும் ஆளுக்கு ஆள் மாறுபடும். தசை இறுகியிருந்தால் நாளடைவில் நெகிழும். எலும்போடு எலும்பு முட்டினால் எந்தப் பயிற்சியும் அதை மாற்றாது. அத்தகையோர் ஆயுள் முழுதும் முயன்றாலும் முழுப் பத்மாசனம் கைகூடாது. அது சோம்பலின் குற்றமன்று, படைப்பின் வேறுபாடு.

யோகம் கற்பித்த பெரியோர் இதனை அறியாதவரல்லர். திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பத்மாசனத்தைக் கூறுமிடத்தில், அதனோடு வேறு ஆசனங்களையும் கூறுகிறார். பதஞ்சலியோ ஆசனத்தின் வடிவம் எதையும் வரையறுக்காமல், அது அசைவின்றியும் இனிதாகவும் இருக்க வேண்டும் என்னும் கருத்தோடு நிறுத்திக்கொள்கிறார். நூறாண்டு கடந்து வாழ்ந்து 1989ஆம் ஆண்டில் சென்னையில் மறைந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கேற்ப ஆசனத்தை அமைக்க வேண்டும் என்று கற்பித்தவர். அவர் பெயரால் அவருடைய மகனார் தேசிகாச்சார் 1976ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய யோக மந்திரம் அம்முறையையே பரப்பியது. அவருடைய மாணாக்கரான பி.கே.எஸ். ஐயங்கார், போர்வை, பட்டை, மரக்கட்டை ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு, வளையாத உடலினரும் பயிலும் வழியைக் காட்டினார். துணைக்கருவி கொள்வது இழுக்கன்று என்று உலகறிந்த ஆசிரியரே கூறும்போது, போர்வை அடுக்கில் அமர நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இனி, அமர்வது எதற்காக என்னும் வினா எஞ்சுகிறது. இவ்வூரில் அதற்கு விடை தேட வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், வேங்கடராமன் என்னும் 16 வயதுச் சிறுவர் மதுரையிலிருந்து இவ்வூரை வந்தடைந்தார். அமெரிக்க மிஷன் பள்ளியில் பயின்றவர்; பந்தாட்டத்திலும் நீச்சலிலும் நாட்டமுடையவர். பிற்காலத்தில் இரமண மகரிஷி என உலகம் அவரை அறிந்தது. ஆயிரங்கால் மண்டபத்தில் அவர் அமர்ந்திருந்தபோது விளையாட்டுச் சிறுவர் கல்லெறிந்தமையால், நிலவறையான பாதாள லிங்கக் குகைக்குள் சென்று அமர்ந்தார். பூச்சிகள் கடித்துத் தொடைகள் புண்ணாகியும் அவர் உணரவில்லை என்றும், அன்பர்கள் அவரைத் தூக்கி வெளிக்கொணர்ந்தனர் என்றும் அவர் வரலாறு கூறுகிறது.

இவ்வரலாற்றைக் கேட்ட பலர், அவ்வாறு அமர்ந்ததால்தான் அவருக்கு அந்த அமைதி வாய்த்தது என்று எண்ணிக்கொள்கின்றனர். நம் இளைஞரும் அவ்வாறே எண்ணினார். உண்மை தலைகீழானது. அவர் ஆசனம் பயின்று அமைதி பெற்றவரல்லர்; அமைதியில் ஆழ்ந்ததால் உடலை மறந்தவர். முதுமையில் முழங்கால்களில் வாதநோய் கண்டபோது, பழைய கூடத்துச் சாய்மஞ்சத்தில் காலை நீட்டிச் சாய்ந்திருந்த நிலையிலேயே தம்மிடம் வந்தோர்க்குக் காட்சி தந்தார். கால் நீண்டதால் அவருடைய அமைதி குறையவில்லை. 1949ஆம் ஆண்டில் அவரைக் காண வந்த பிரெஞ்சு நாட்டுப் பெனடிக்டின் சபைத் துறவி ஆன்றி லெ சோ, பின்னாளில் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்டு இம்மலைக் குகைகளிலும் தங்கினார். அவர் இங்கே தேடியது மௌனத்தை, ஆசனத்தையன்று.

நம் திருச்சபையும் இது குறித்துப் பேசியுள்ளது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாளிட்ட மடலில், உடலின் நிலை செபத்திற்குத் துணையாகலாம் என ஏற்றுக்கொண்டு, உடலே நோக்கமாகிவிடும் இடரையும் எச்சரிக்கிறது. 'கிறிஸ்தவர் ஆசனம் பயிலலாமா?' என்று நம்மிடம் வினவுவோர்க்கு இம்மடலையே சுட்டுகிறோம். முழங்காலைக் கிழித்துக்கொண்டேனும் ஒரு வடிவத்தை அடைய வேண்டும் என்று தோன்றும்போது, துணையாக வந்தது தலைமை ஏற்றுவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

ஓராண்டுக்கு மேல் கடந்துவிட்டது. நம்முடைய முழங்கால்கள் முகவாயை விட்டு இறங்கித் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கின்றன. வலக் கால் அர்த்த பத்மாசனத்திற்கு இசைகிறது. இடக் கால் இன்னும் இசையவில்லை. முழுப் பத்மாசனம் நமக்கு வாராது என்றே அந்த அம்மையார் கருதுகிறார். அதனால் நமக்கு வருத்தமில்லை. காலைச் செபத்தின்போது முதுகு நோகாமல் அரைமணி நேரம் தரையில் அமர முடிகிறது. போன ஆண்டு இயலாதது இது.

அவ்விளைஞரும் மலையோரத்து மரத்தடிக்குத் திரும்பியுள்ளார். போர்வையை மடித்துப் போட்டுச் சம்மணமிட்டு அமர்கிறார். சென்ற மாதம் அவரிடம், "தம்பி, அன்று நாம் கூறியது தவறு" என்று வாய்விட்டுக் கூறினோம். வழிகாட்டுவோர் தம் பிழையை உரியவரிடம் நேரில் ஒப்புக்கொள்ள வேண்டுமன்றோ? அவர் நகைத்து, "பழமொழி சரிதான், சுவாமி, நாம்தான் வலியைப் பொறுத்துக்கொள் என்று பொருள் கொண்டுவிட்டோம். பாட்டியிடம் கேட்டால், மணிலா முற்றும் வரை பொறுத்துக்கொள் என்றுதான் சொல்லியிருப்பார்" என்றார்.

நோவைப் பொறுத்தல் ஒன்று. காலத்தைப் பொறுத்தல் மற்றொன்று. முன்னதை மட்டுமே தவம் என்று கருதிய நமக்குப் பின்னதைக் கற்பித்தவர் அவ்விளைஞர். நம் இல்லங்களிலும் இதுவே நிகழ்கிறதன்றோ? படிப்பில் பின்தங்கிய பிள்ளையை, பேச மறுக்கும் மகளை, புதிதாக வந்த மருமகளை நாம் எங்கே அழுத்துகிறோம்? அடைபட்ட இடம் வேறாக இருக்க, நொந்து நிற்கும் இடத்தையே மேலும் முறுக்குகிறோம். ஏதேனும் ஒன்று 'டக்'கென்று ஒடியும் ஓசை கேட்ட பின்னரே கையை எடுக்கிறோம்.

இன்று மாலை உங்கள் வீட்டில் அனைவரும் தரையில் அமர்ந்து உண்டு பாருங்கள். இயலாதவருக்கு ஒரு போர்வையை மடித்துக் கொடுங்கள். அதுவும் இயலாதவருக்கு மனமுவந்து நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.